சரக்குக்கும் சர்வே எண் உண்டு

2022 ஆம் ஆண்டு. கொப்பரை விலை சரிந்து கிடந்த சமயம். அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்திருந்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,590 ரூபாய். வெளி மார்க்கெட்டில் அந்த விலை கிடைக்கவில்லை. ஈரோடு மாவட்டத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஒன்றில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, கப்பல்ல வர்றது பாமாயில். நான் கொண்டாந்தது கொப்பரை. அதுக்கு வரியக் கொறச்சா இதுக்கு ஏனுங்க வெலை எறங்கோணும்?"

இதற்குப் பாதிப் பதில் அவருக்கே தெரியும். பாமாயில் மலிவாக வந்தால் மிட்டாய்க் கடைக்காரரும், ஓட்டல்காரரும், வீட்டுக்காரம்மாவும் அந்தப் பக்கம் சாய்வார்கள். தேங்காய் எண்ணெய் தேங்கும். செக்குக்காரர் கொப்பரை ஏலத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தச் சமயத்தில் கச்சா பாமாயிலுக்கு மொத்தத் தீர்வை 5.5 சதவீதம்தான்.

மறுபாதிப் பதில் துறைமுகத்தில், ஒரு தாளில் எழுதப்படும் ஓர் எண்ணில் இருக்கிறது. அதைப் பற்றி நம் விவசாயிகளிடம் யாரும் விளக்கமாகப் பேசுவதில்லை. ஆகவே இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நஞ்சை, புஞ்சை போலத்தான்

நம் நிலத்துக்குச் சர்வே எண் உண்டு, உட்பிரிவு உண்டு. கணக்கில் நஞ்சை என்று இருக்கிறதா, புஞ்சை என்று இருக்கிறதா, என்ன தரம் என்று பார்த்துத்தான் தீர்வை போட்டார்கள். மண் ஒன்றுதான்; எழுத்து மாறினால் தீர்வை மாறும். கப்பலேறும் சரக்குக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஊசி முதல் டிராக்டர் வரை எந்தப் பொருளானாலும் அதற்கு ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே எவ்வளவு தீர்வை, தாராளமாகக் கொண்டுவரலாமா, தடை உண்டா என்பதெல்லாம் எழுதியிருக்கும்.

இந்த எண் பட்டியலைப் பராமரிப்பது பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள உலகச் சுங்க அமைப்பு. 1983-ல் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1988 ஜனவரி 1 முதல் உலக அளவில் அமலுக்கு வந்தது. நம் நாடு அதற்கும் முன்பாக, 1986 பிப்ரவரி கடைசியிலேயே, 1975 ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையை இந்தப் பட்டியலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது.

எண்ணைப் படிப்பது கஷ்டமில்லை. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். அதை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு தலைப்பு. அதுதான் சர்வே எண். அதற்கடுத்த இரண்டு உட்பிரிவு. இந்த ஆறு இலக்கமும் உலகம் பூராவும் ஒன்றே. கடைசி இரண்டு மட்டும் அந்தந்த நாடு தன் வசதிக்குப் போட்டுக்கொள்வது. நம் நாட்டில் ஆக மொத்தம் எட்டு இலக்கம். அத்தியாயங்கள் 97 வரை போகின்றன. 77-ஐ மட்டும் பின்னால் தேவைப்படும் என்று புறம்போக்கு போலக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

ஒரு தென்னை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் 0801. உலர்ந்த துருவலும் அதே 0801-தான். அதே பருப்பை எண்ணெய் ஆட்டுவதற்காகக் கொப்பரையாக்கினால் 1203. அது எண்ணெய் வித்துக்களோடு போய்ச் சேர்ந்துவிடும். எண்ணெய் 1513. புண்ணாக்கு 2306. மட்டை நார் 5305, திரித்த கயிற்று நூல் 5308, நெய்த கால்மிதி 5702. சிரட்டைக் கரி 4402. அந்தக் கரியையே ஆலையில் பக்குவப்படுத்தித் தண்ணீர் சுத்தம் செய்யும் கரியாக்கினால் 3802. ஈர்க்குமாறு கூடத் தப்பவில்லை, அதற்கு 9603. மரம் ஒன்று, எண் பல. ஒவ்வொரு எண்ணுக்கும் தீர்வை தனி.

எண்ணை எழுதுவது யார்?

சுங்க அதிகாரிதான் எழுதுவார் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2011 முதல் இறக்குமதி செய்பவரே 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற தாளில் தம் சரக்கின் எண்ணை எழுதி, தீர்வையையும் தாமே கணக்கிட்டுக் கட்ட வேண்டும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்ப்பார். சாம்பிள் எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார். எழுதும் உரிமை வியாபாரியிடம் இருப்பதால், இரண்டு எண்ணுக்கும் பொருந்துகிற சரக்கு என்றால் எந்த எண்ணை எழுதுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தகராறு வந்தால் தீர்ப்பதற்கு விதிகள் உண்டு. அத்தியாயத்தின் பெயர் வழிகாட்டிதான். சட்ட பலம் உள்ளவை தலைப்பின் வாசகமும் அத்தியாயத்தின் முகப்பில் உள்ள குறிப்புகளும். பொதுப் பெயரை விடக் குறிப்பான பெயருக்கே மதிப்பு. பல பொருள் கலந்திருந்தால் எது அந்தச் சரக்குக்கு உயிரான குணத்தைத் தருகிறதோ அதன் எண். அதிலும் தீராவிட்டால், போட்டியிடும் எண்களில் கடைசியாக வருவது எதுவோ அது.

இந்தச் சண்டை புதிதல்ல. அமெரிக்காவில் 1883 ஆம் ஆண்டுச் சட்டப்படி காய்கறிக்கு 10 சதவீதத் தீர்வை, பழத்துக்கு இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் தக்காளி கொண்டுவந்த வியாபாரி, "செடி நூல்படி தக்காளி பழம்தானே" என்று வழக்குப் போட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1893-ல், சாப்பாட்டில் குழம்புப் பக்கம் போவதா, கடைசியில் பழத்தோடு வைப்பதா என்று பார்த்து, தக்காளி காய்கறிதான் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. சின்ன பாட்டிலில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தடவும் எண்ணெயா? சமையல் எண்ணெய் என்றால் 1513. தலைமுடித் தைலம் என்றால் 3305. உள்நாட்டு எக்சைஸ் வரிக்கும் இதே எண் பட்டியல்தான் என்பதால் சேலம் எக்சைஸ் ஆணையர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-ல் மூன்று நீதிபதிகள் முடிவு கட்டினார்கள்: பாட்டில் சிறியது என்பதாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது. அப்போது ஜி.எஸ்.டி.யில் ஒன்றுக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2025 செப்டம்பரில் தலை எண்ணெய்க்கும் 5 சதவீதமாக்கிவிட்டார்கள். வித்தியாசம் போனதும் சண்டைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எண் தகராறு எங்கே இருந்தாலும் அதன் அடியில் இரண்டு தீர்வைகளுக்கு இடையே ஒரு பள்ளம் இருக்கும்.

சிவப்பு எண்ணெயும் வெளுத்த எண்ணெயும்

பாமாயில் 1511. அதற்குள் கச்சா எண்ணெய் ஓர் உட்பிரிவு, சுத்திகரித்தது வேறு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இரண்டுக்கும் தீர்வையை ஏற்றியது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு மொத்தத் தீர்வை 5.5-லிருந்து 27.5 சதவீதம்; சுத்திகரித்ததற்கு 13.75-லிருந்து 35.75. பிறகு 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய்க்கு மட்டும் 16.5 ஆகக் குறைத்தார்கள். சுத்திகரித்ததற்கு 35.75 அப்படியே நின்றது. பள்ளம் 19 சதவீதத்துக்கு மேல். உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்பது இதன் நோக்கம். கடலையும் எள்ளும் போடுகிற விவசாயிக்கு இதில் என்ன என்று கேட்டால், அவருக்கு வேண்டியது கச்சா எண்ணெய்க்கான தீர்வைதான். ஆலைக்காரருக்கு வேண்டியது பள்ளம். இரண்டும் ஒன்றல்ல. செய்தியில் "தீர்வையில் மாற்றம்" என்று படிக்கும்போது எந்தத் தீர்வை என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு பள்ளம் இருந்தால் சுத்திகரித்ததைக் கச்சா என்று எழுத ஆசை வராதா? வரும். ஆகவேதான் 2000-க்குப் பின் வந்த சுங்க அறிவிக்கைகளில் கச்சா பாமாயிலுக்கு அடையாளம் எழுதி வைத்தார்கள். அமில மதிப்பு 2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கேரட்டுக்குச் சிவப்பைக் கொடுக்கிற அதே நிறப்பொருள் கிலோவுக்கு 500 முதல் 2,500 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். கச்சா பாமாயில் சிவப்பாக இருக்கும்; சுத்திகரித்தால் புளிப்பும் போகும், நிறமும் போகும். வெளுத்துப் போன எண்ணெயைக் கச்சா என்று காட்டினால் சோதனைச் சாலையில் பிடிபடும்.

எண்ணை மாற்ற இன்னொரு வழி, நாட்டை மாற்றுவது. இலங்கையோடு நாம் செய்துகொண்ட தாராள வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வேறு நாட்டு மூலப்பொருளில் இலங்கையில் செய்த சரக்கானாலும், நான்கு இலக்க எண் மாறியிருந்து, அங்கே 35 சதவீத மதிப்புக் கூடியிருந்தால் அது இலங்கைச் சரக்காகும். பாமாயில் 1511, வனஸ்பதி 1516. எண் மாறிவிட்டதல்லவா! பாமாயிலைக் கொண்டுபோய் வனஸ்பதியாக்கி, தீர்வை இல்லாமல் இங்கே அனுப்புவதற்கென்றே இலங்கையில் ஆலைகள் முளைத்தன. கடைசியில் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு கட்ட வேண்டி வந்தது. சட்டத்தை யாரும் மீறவில்லை. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், அவ்வளவுதான்.

பாக்கு பட்ட பாடு

ஆத்தூர், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துப் பாக்கு விவசாயிகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பாக்கு 0802 என்ற தலைப்பில் கொட்டைப் பருப்புகளோடு இருக்கிறது. அடிப்படைத் தீர்வை 100 சதவீதம். அதற்கு மேல் ஒரு வேலியும் போட்டார்கள். 2018 ஜூலையில், கிலோவுக்கு 251 ரூபாய்க்குக் குறைந்த விலையில் பாக்கு இறக்குமதி செய்யக் கூடாது என்று தடை வந்தது. 2023 பிப்ரவரியில் அதை 351 ரூபாயாக உயர்த்தினார்கள். நம் விவசாயிக்கு இந்த 351 பெரிய பலம். வெளிநாட்டில் எவ்வளவு மலிவாக விளைந்தாலும் அதற்குக் கீழே விலை போட்டு உள்ளே வர முடியாது.

ஆனால் வேலி 0802 என்ற எண்ணைச் சுற்றித்தான் போட்டிருந்தது. 21 ஆம் அத்தியாயத்தில் 'சுபாரி' என்று ஓர் எண் இருக்கிறது: 2106 90 30. சுண்ணாம்பு, காசுக்கட்டி, புகையிலை எதுவும் கலவாத பாக்குத் தயாரிப்பு. ஏலக்காய், கொப்பரை, மெந்தால் சேர்ந்திருந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி என்று அதற்கு விளக்கம். வியாபாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். "நாங்கள் கொண்டுவருவது பச்சைப் பாக்கு அல்ல, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய தயாரிப்பு. ஆகவே சுபாரி" என்றார்கள். சரக்கு வருவதற்கு முன்பே எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முன்தீர்ப்பு அமைப்பு ஒன்று உண்டு. அங்கே சிலருக்கு இந்த வாதம் பலித்தது.

பாக்கை அவிப்பது நம் ஊர்க் களத்தில் பெண்களும் ஆண்களும் தினம் செய்கிற வேலை. அவித்துக் காயவைத்தால்தான் கெடாமல் இருக்கும். அவித்ததாலேயே அது வேறு பொருளாகிவிடுமா? உலர்ந்த கொட்டைகளைக் கெடாமல் வைக்க மிதமாகச் சூடுபடுத்தினாலும் அவை 8 ஆம் அத்தியாயத்திலேயே இருக்கும் என்று அந்த அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது. சென்னையிலுள்ள சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் இதைத்தான் எடுத்துக்கொண்டது. வேகவைத்த பாக்கு பாக்குதான். எண் 0802 என்று தீர்ப்பாயிற்று.

அதோடு முடியவில்லை. அடுத்து வறுத்த பாக்கு வந்தது. வறுத்த கொட்டைகளுக்கு 20 ஆம் அத்தியாயத்தில், 2008 என்ற தலைப்பில் தனி இடம் உண்டு. வறுப்பது மிதமான சூடு அல்ல என்பது வாதம். இந்த முறை வாதம் நின்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் வறுத்த பாக்கு 2008-ல்தான் சேரும் என்று ஒப்புக்கொண்டது. தலைப்பின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 351 ரூபாய் வேலி அந்த எண்ணில் இல்லை. வேலியில் ஆள் நுழையும் அளவு சந்து!

அரசாங்கம் அதைக் கவனித்து அடைக்க 2025 ஏப்ரல் ஆயிற்று. வறுத்த பாக்குக்கும் அதே 351 ரூபாய் அடிவிலை என்று அப்போது அறிவித்தார்கள். அவித்தது, வறுத்தது என்று இரண்டு சந்துகளை அடைக்க இத்தனை ஆண்டு. அந்த ஆண்டுகளில் விலை இறங்கியபோதெல்லாம், விளைச்சல் கூடிவிட்டது என்றுதான் மண்டியில் நம்மிடம் காரணம் சொன்னார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். துறைமுகத்தில் எந்த எண்ணில் எவ்வளவு பாக்கு இறங்கியது என்று மாதாமாதம் வர்த்தக அமைச்சகம் வெளியிடும் கணக்கையும் சேர்த்துப் பார்த்திருந்தால் முழுக் காரணம் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு எண்வாரியாக இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பாக்கு விவசாயிகள் சங்கம் எதுவானாலும், படித்த பிள்ளை ஒருவரை இதற்கென்று வைப்பது நல்லது.

சின்ன வெங்காயத்துக்கு எண் எங்கே?

இதுவரை பார்த்தது உள்ளே வரும் சரக்கு. வெளியே போகும் சரக்குக்கும் எண்தான் கணக்கு. இதில் அடிபட்டவர்கள் பெரம்பலூர், துறையூர், நாமக்கல், திண்டுக்கல் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயிகள்.

உலகப் பட்டியலில் பூண்டுக்குத் தனியாக 0703 20 என்று ஆறு இலக்கம் இருக்கிறது. ஆனால் வெங்காயமும், 'ஷாலட்' என்று ஐரோப்பாவில் சொல்லும் சிறு வெங்காயமும் ஒரே கூடையில், 0703 10. டில்லியிலும் பம்பாயிலும் பெரிய வெங்காயம் விலை ஏறினால் மத்திய அரசு இந்தக் கூடையைத்தான் மூடுகிறது. 2020 செப்டம்பரில் எல்லா வெங்காயத்துக்கும் ஏற்றுமதித் தடை. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதித் தீர்வை. அதே ஆண்டு டிசம்பர் 8-ல் மறுபடி தடை. 2024 மே மாதம்தான் தடை விலகியது, அதுவும் 40 சதவீதத் தீர்வையோடும் டன்னுக்கு 550 டாலர் அடிவிலையோடும். செப்டம்பரில் தீர்வை 20 ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் தீர்வை இல்லை.

வட இந்தியச் சமையலில் சின்ன வெங்காயத்துக்கு இடம் மிகக் குறைவு. அதைக் கேட்டு வாங்குவது நம்மவரும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் இருக்கும் நம்மவரும்தான். இங்கே ஏற்றுமதியை நிறுத்தினால் அங்கே விலை இறங்கப்போவதில்லை. "யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க வீட்டு வாசலை அடைச்ச மாதிரி இருக்குங்க" என்று துறையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னார். சின்ன வெங்காயத்துக்குத் தனி எண் வேண்டும் என்று நம் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இதனால்தான்.

இது நடக்காத காரியமல்ல. 2020 தடையின்போதே அக்டோபரில் பெங்களூர் ரோஸ் வெங்காயமும், ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் வெங்காயமும் தலா 10,000 டன் வரை சென்னைத் துறைமுகம் வழியாகப் போகலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். 2023-ல் 40 சதவீதத் தீர்வை இருந்தபோதும் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு விலக்குக் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: இது ரோஸ் வெங்காயம்தான், இவ்வளவு எடை என்று கர்நாடகத் தோட்டக்கலை ஆணையர் சான்றளிக்க வேண்டும்.

இங்கே சுங்க அதிகாரியின் சங்கடத்தையும் பார்க்க வேண்டும். மூட்டைக்குள் இருப்பது சின்ன வெங்காயமா, பொடியாகப் போன பெரிய வெங்காயமா என்று அவர் எப்படிச் சொல்வார்? பெரிய வெங்காயத்தில் பொடி ரகத்தைப் பிரித்துச் சின்ன வெங்காயம் என்று அனுப்ப ஆள் இல்லாமல் போகாது. பாக்கு விஷயத்தில் பார்த்தோமே! பாமாயிலுக்குப் புளிப்பும் நிறமும் அடையாளமாக இருப்பதுபோல இதற்கும் ஓர் அடையாளம் எழுத்தில் வேண்டும்.

எட்டு இலக்க எண்ணைச் சேர்க்கப் பிரஸ்ஸல்ஸ் போக வேண்டாம். உலகப் பட்டியலின் அடுத்த திருத்தம் 2028 ஜனவரி 1-ல் வருகிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கடைசி இரண்டு இலக்கம் நம் நாட்டுக்குச் சொந்தம். மத்திய பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதாவிலேயே புது எண் சேர்க்கிறார்கள். பட்ஜெட்டுக்கு முந்திய மாதங்களில் நிதி அமைச்சகம் எல்லாத் தரப்பிலும் யோசனை கேட்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அப்போது மனுக் கொடுக்கலாம், தொகுதி எம்.பி. மூலமும் கொடுக்கலாம்.

மனுவில் "எங்களுக்கு நஷ்டம்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு விதைக் காய் நட்டால் அடியில் பல காயாகக் கொத்தாகப் பிரிந்து விளைவது, பெரிய வெங்காயம் போல விதை தூவி ஒற்றைக் காயாக எடுப்பதல்ல என்பதை எழுத வேண்டும். காயை இரண்டாக அரிந்தால் உள்ளே தெரியும் முளைக் கண்கள், காயின் குறுக்களவு, தோலின் நிறம் ஆகியவற்றைத் தோட்டக்கலை அலுவலர்களிடம் கேட்டு இணைக்க வேண்டும். கர்நாடகத்தில் கொடுத்த சான்றிதழைப் போல நம் மாநிலத் தோட்டக்கலைத் துறையும் கொடுக்கத் தயார் என்று ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தால் மனுவுக்கு எடை கூடும். அந்தக் கடிதத்துக்கு முதல் படி உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம்.